பேரங்காடி வாசலில் பெரட்டு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திகாம் பத்து சாலையோரம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் நிற்கிற பெரிய கொட்டகை யாருடையது என்று விசாரித்துப் பாருங்கள், என்னைத்தான் கைகாட்டுவார்கள். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, கெலிண்டானாக, அதாவது லோரி ஓட்டுபவருக்குக் கையாளாக, மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கெடா மாநிலம் முழுக்கச் சுற்றியவன் நான். வங்கி மேனேஜர் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதையெல்லாம் நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனாலும் நான் செய்த பெரிய காரியம் லோரி வாங்கியதல்ல. முதல் லோரி வாங்கியதும் என் மனைவியைப் பெரட்டிலிருந்து நிறுத்தியதுதான். பெரட்டு என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒவ்வொருவராகப் பேர் பதிவார். பிந்திப் போனால் கிராணிக்கு மேலே இருக்கும் துரை பேரை வெட்டிவிடுவார். பேர் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை; அரைப் பேர் போட்டால் பாதிக் கூலி. கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவன் நான். "இனிமே நீ எவன் முன்னாலயும் வரிசையில நிக்க வேணாம்" என்று சொன்னேன். சொன்னபடி செய்தும் காட்டினேன்.

ஊரடங்கு போட்ட நோய்க்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவியை மறந்தாள். அடுப்பை மறந்தாள். பிறகு பிள்ளைகளின் பெயர் போனது. அப்புறம் என்னையே தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் அழுதுகொண்டிருப்பாள். வெளியே கூட்டிப்போனால் கூட்டத்தைக் கண்டு நடுங்குவாள். ஒருநாள் சுங்கைப் பட்டாணியில் ஒரு பேரங்காடியில், அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் போட்டேன். அதன் பிறகு கடைப் பக்கமே போகவில்லை.

அந்தப் பேரங்காடிதான் நோய்க்காலத்தில், கடை திறந்ததும் முதல் ஒரு மணி நேரத்தை வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று ஒதுக்கியது. கோலாலம்பூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, அந்த டைம்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. கூட்டம் இருக்காது."

"வயசானவங்க டைமா? நான் என்ன தடி ஊனிக்கிட்டா நடக்கிறேன்?"

"உங்களுக்கு வயசே ஆவலப்பா. அம்மாவுக்காகப் போங்க."

போனேன். இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. மூடிய ஷட்டருக்கு முன்னால் கிழவர்களும் கிழவிகளும் இடைவெளி விட்டு வரிசையாக நின்றார்கள். சிலர் கைத்தடியோடு, சிலர் சக்கர நாற்காலியில். வாசலில் சின்ன மேசை போட்டு, காவலுக்கு நிற்கும் தமிழர் ஒருவர் நீளமான நோட்டில் ஒவ்வொருவர் பேராக எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே போகிறவர்களின் பேரைக் குறிப்பது நோய்க்காலத்துச் சட்டம்.

காரை விட்டு இறங்கிய என் மனைவி அந்த வரிசையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். என் கையை உதறிவிட்டு விடுவிடுவென்று போய்க் கடைசியில் நின்றாள். அவள் முதுகு அப்படி நிமிர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் முறை வந்தது. பேரைக் கேட்டதும் தன் பேரையும் அப்பா பேரையும் தடங்கலில்லாமல் சொன்னாள். பிறகு குனிந்து நோட்டைப் பார்த்தாள்.

"கிராணியாரே, முழுப் பேருதானே போட்டீங்க? அரைப் பேரு போட்டுறாதீங்க. நான் பிந்தி வரல."

விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன். காவலர் என்னைக் கையமர்த்தினார்.

"முழுப் பேருதாம்மா போட்டிருக்கேன். வேலைக்குப் போங்க."

நாங்கள் வெளியே வரும்போது அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எங்கம்மாவும் தோட்டம்தான் அங்கிள். எனக்குத் தெரியும்லா."

அன்றைக்கு உள்ளே அவள் நடுங்கவில்லை. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினாள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டாள். பகலெல்லாம் அழவில்லை. அதன்பின் தினமும் போனோம். வாங்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கட்டுக் கீரையாவது வாங்கிக்கொண்டு வருவோம்.

வரிசையில் ஒரு பெண் பழக்கமானாள். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலியில் வருபவள். ஒருநாள் என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு என்ன செய்றாரு?"

"கெலிண்டானா போறாரு. சொந்தமா லோரி வாங்கப் போறாராம். வாங்குனதும் என்னைப் பெரட்டுல இருந்து நிப்பாட்டிருவாராம்."

"வாங்கிட்டாரா?"

"எங்க? வாயிலதான் லோரி ஓடுது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தாங்கவில்லை.

"வாங்கியாச்சு. ஒண்ணு இல்ல, ஒம்போது லோரி. நான்தான் உன் வீட்டுக்காரன். என்னைப் பாரு."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இந்தப் பெரியவரும் அவரு மாதிரியேதான் பேசுறாரு" என்றாள்.

காரில் ஏறியும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. மாடி வைத்துக் கட்டிய வீடு அவள் நினைவில் இல்லை. கழுத்தில் கிடந்த சங்கிலியைக்கூட யாருடையதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெரட்டு வரிசையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேனோ, அந்த இடம் மட்டும்தான் அவளுக்கு மிச்சம். ஆனால் அங்கேதான் அவள் அழாமல் இருந்தாள். அதனால் எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது.

நோய் அடங்கியது. மாத முடிவோடு அந்த நேரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று காவலர்தான் எனக்குச் சொன்னார். நேராகக் கடை மேனேஜரிடம் போனேன். சீனர், சின்ன வயது. நான் யார், என்ன தொழில் என்று மலாயில் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆகிற செலவை நானே தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மேலிடத்து முடிவு என்றார். இனிமேல் எந்த நேரத்திலும் எல்லாரும் வரலாம், அங்கிளும் வரலாம் என்றார். எல்லாரும் வருவதுதான் எனக்குச் சங்கடம் என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? எத்தனையோ பேரிடம் பேசிக் காரியம் சாதித்த நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

மறுமாதம் முதல் நாள் அவள் வழக்கம்போல் எழுந்து வாசலில் நின்றாள். வேறு வழி தெரியாமல் கூட்டிப்போனேன். ஷட்டர் மூடியிருந்தது. மேசை இல்லை, காவலர் இல்லை, ஒரு ஆள் இல்லை. அவள் ஓடிப்போய் ஷட்டரைத் தட்டினாள்.

"பிந்திட்டேன். பேரு வெட்டிட்டாங்க. புள்ளைக்குப் பால்மாவு வாங்கணுமே."

கெஞ்சிக் கூத்தாடிக் காரில் ஏற்றினேன். அன்று அவள் வாயில் பருக்கை இறங்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். உடம்பு கண்ணெதிரே வற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். அவள் அதைத் துப்பினாள்.

நான் சும்மா உட்காருகிற ஆளில்லை. என் வீடு கொட்டகைக்குப் பின்னால்தான். விடியுமுன்பே டிரைவர்கள் லோரி எடுக்க வருவார்கள். ஒருநாள் காலையில் விளக்குக்குக் கீழே மேசை நாற்காலி போட்டு, நோட்டோடு உட்கார்ந்தேன். எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னேன்.

"மொதலாளி, கைரேகை மிசின் இருக்கே. இது எதுக்கு?" என்று மூத்த டிரைவர் கேட்டார்.

"நில்லுலா. சொல்றேன்ல."

பின்வாசலைத் திறந்துவிட்டேன். அவள் வந்தாள். அவளைப் பார்த்ததும் விஷயம் புரிந்து டிரைவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ஒருவன் அவளுக்கு முன்னால் இடம் விட்டான். அவள் போகவில்லை, கடைசியில்தான் நின்றாள். என் எழுத்து மெதுவாகத்தான் ஓடும். ஒவ்வொருவராகப் பேர் எழுதினேன். அவள் முறை வந்தது.

செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்தாள். எண்ணெய்க் கறை பிடித்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு வந்து, மேசையை விட்டு எட்ட நின்று, கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். பேரங்காடிக் காவலரை அவள் கிராணி என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"தொரை," என்றாள் என்னை. "புள்ளைக்குக் காய்ச்சல். அதான் நாலு நாளு வரல. பேரு வெட்டிறாதீங்க, தொரை."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னோடு சண்டை போட்டிருக்கிறாள், கிண்டல் செய்திருக்கிறாள். இந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை. டிரைவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அடி விழப்போகிறது என்பதுபோல் அவள் பின்வாங்கினாள்.

மறுபடி உட்கார்ந்தேன்.

"பேரு போட்டாச்சு. போம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

இப்போதும் தினமும் காலையில் அந்த மேசை போடுகிறேன். அவள் குனிந்து நிற்கிறாள், நான் எழுதுகிறேன். அவள் உள்ளே போகும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.