தோபி காட்டிலிருந்து லேக்சைடுக்கு ஒரு மோடம்

சிங்கப்பூரில், 1989 மார்ச் விடுமுறையில், எங்கள் கணினி மன்றத்துக்குப் பள்ளி அலுவலகத் தொலைபேசி ஒரே ஒரு மணி நேரம் கிடைத்தது: திங்கட்கிழமை இரண்டிலிருந்து மூன்று வரை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பள்ளிக் கணினியில் நூலகப் பட்டியல் இருக்கிறது. அதை ஜூரோங்கிலிருக்கும் ஒரு கணினி, தொலைபேசி வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். முடியாவிட்டால் பெற்றோர் தினக் கண்காட்சியில் எங்கள் மேசை இசைக்குழுவுக்குப் போய்விடும். ஆசிரியர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இசைக்குழு ஏற்கெனவே வந்து மேசையை அளந்துவிட்டுப் போயிருந்தது.

எங்களிடம் இரண்டு மோடம்கள், கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் சிறு பெட்டிகள். ஒன்றோடு என் தோழி மேரி பள்ளியில் இருந்தாள். மற்றொன்றை பிஸ்கட் டின்னில் வைத்து, 12.35க்குக் கிளம்பினேன். தோபி காட் நிலையத்துக்கு இருபது நிமிட நடை. வாசலில் நிலைய ஊழியர் டின்னைப் பார்த்தார்.

"பாப்பா, ட்ரெயின்ல சாப்பிடக் கூடாது, தெரியும்ல?"

"இதைச் சாப்பிட முடியாது, அங்கிள். மோடம்."

"என்னவோ, மூடியத் திறக்காத லா."

லேக்சைடு வரை கட்டணம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குள். ரயில் மாற வேண்டியதில்லை, 34 நிமிடம். நகரத்துக்கு அடியில் ஓடும்வரை கண்ணாடியில் என் முகமும் டின்னும்தான் தெரிந்தன. மேலே ஏறியதும் வரிசை வரிசையாக அடுக்குமாடிகள், தொழிற்சாலைக் கூரைகள். இறங்கிப் பதினைந்து நிமிடம் நடந்தால் மேரியின் சித்தப்பா வீடு. கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார், அன்று விடுப்பு. கணினி அவருடையதுதான்.

சரியாக இரண்டுக்கு மேரி அழைத்தாள். முதலில் பேச வேண்டும், பிறகு இருவரும் மோடத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் பேச்சு அறுந்துவிடும், கணினிகள்தான் பேசும். அழுத்தினோம். நிசப்தம். இரண்டு நிமிடம் காத்திருந்து, பொத்தானை விட்டுவிட்டு மீண்டும் பேசினோம்.

மோடத்தில் ஒரு சிறு விசை உண்டு, ஒரு பக்கம் 'அழைப்பவர்', மறுபக்கம் 'பதில் சொல்பவர்'. பதில் சொல்பவர் விசிலடித்தால்தான் அழைப்பவர் வாய் திறப்பார். நாங்கள் இருவருமே 'அழைப்பவர்'.

"ஐயோ சாரி, நான் மாத்திடறேன்!" என்றாள் மேரி.

"இல்ல இல்ல, நான் மாத்தறேன்!" என்று நானும் சொல்லிவிட்டேன். உடனே இருவரும் பொத்தானை அழுத்தினோம். இப்போது இரண்டு பக்கமும் ஒரே விசில். மறுபடி மன்னிப்பு, மறுபடி இருவரும் மாற்றினோம், மறுபடி நிசப்தம். இப்படியே மாறி மாறி மணி 2.40.

சித்தப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பொண்ணு வீட்டுக்காரங்களும் மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் 'நீங்க முதல்ல சாப்பிடுங்க'ன்னு நிப்பாங்களே, அது மாதிரில்ல இருக்கு! சோறு ஆறுது லா!"

சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. பிறகு யோசித்தேன். பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவர் பதில் சொல்லட்டும். கேட்க வந்தவர் அழைக்கட்டும். இதில் மரியாதைக்கு இடமே இல்லை.

"மேரி, நீ பதில். நான் அழைப்பு. சாரி சொல்லாத. ஒரு தடவ மாத்திட்டு, அப்புறம் விசையில கை வைக்காத."

"சா... சரி."

2.51. விசில் கேட்டது, என் மோடம் வேறொரு சுருதியில் பதில் பாடியது, திரையில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது: 'சாப்பிட்டியா?' நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"கப்பல் கட்டுறதப் பத்தி புத்தகம் இருக்கான்னு கேளு," என்றார் சித்தப்பா, இன்னும் நம்பாமல். தட்டினேன். எழுத்து எழுத்தாக, நாம் படிக்கும் வேகத்தில், இரண்டு தலைப்புகள் வந்தன. இரண்டாவதற்குக் கீழே, அதை இரவல் வாங்கியவர் பெயரும் வந்தது. என் பெயர். ஆறு நாள் தாமதம்.

"மாட்டிக்கிட்டியா!" என்று சித்தப்பா கைதட்டினார்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு: உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை, அவசரப்பட வேண்டாம். மோடத்தைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி டின்னுக்குள் வையுங்கள். யார் அழைப்பது, யார் பதில் சொல்வது என்பதைப் பள்ளி வாசலிலேயே முடிவு செய்து, மோடத்தின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். நல்ல தோழிகள் என்றால் இன்னும் பெரிய எழுத்தில்.

மேசை எங்களுக்கே. நடுவில் ஆசிரியர் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: இருபது கிலோமீட்டர் தாண்டி எங்கள் மோடம்கள் முதன்முதலாகக் கொண்டுபோன நூலகச் செய்தி. என் பெயரும் ஆறு நாள் தாமதமும் தெளிவாகத் தெரிகின்றன. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.