முள் மூடிய ஊற்று

பிள்ளைகளா, நேற்று கொல்லையில் நீங்கள் சிங்க வேட்டை ஆடியதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவன் துரை, நடுவுள்ளவன் சிங்கம். சின்னவள் தலையில் தலையணையை வைத்து, "நீதான்டி சுமைக்காரன், பேசாம நட" என்றீர்கள். "எப்பப் பாத்தாலும் நான்தானா? நானும் சுடணும்" என்று அவள் அழுதாள். இந்த ஆட்டம் என்னால் வந்தது. ஆப்பிரிக்காவில் பார்த்த சிங்கத்தையும் யானையையும் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். சுமைக்காரர்களைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனாலும் இதை வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் எனக்குக் குசினி வேலை. அவருக்கு ஆப்பிரிக்காவுக்கு மாற்றல் வந்தபோது சமையலுக்கு என்னையும், துப்பாக்கி துடைக்க வில்லியனூர்க்காரர் ஒருவரையும் கூட்டிப்போனார். வில்லியனூர்க்காரர் பட்டாளத்தில் இருந்தவர், எனக்குப் பத்து வயது மூத்தவர். கப்பல் மாறிக் கப்பல் ஏறிப் போய் இறங்கினோம். அங்கிருந்து ஆற்றுப் படகில் பல நாள். முதலில் வெயில் தரையில் விழாத காடு, ஓயாத மழை. பிறகு ஆள் உயரப் புல். அதற்கும் வடக்கே முள்மரமும் மணலும். நம் ஊர் மாதிரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துவிடலாம் என்று நினைத்துப் போனவன் நான். அந்த நாடு முடியவே இல்லை.

கோடையில் துரை லீவு போட்டு வேட்டைக்குப் புறப்பட்டார். கூடாரம், கட்டில், குளிக்கிற தொட்டி, சாராயப் புட்டிகள், என் சட்டி பானை எல்லாம் முப்பது பேர் தலையில். நடுக்காட்டிலும் மேசைக்கு வெள்ளைத் துணி விரிக்கவேண்டும், முதலில் சூப் வைக்கவேண்டும். "சிங்கம் வந்தா அதுக்கும் ஒரு தட்டு வைப்பியாடா?" என்று வில்லியனூர்க்காரர் கேலி செய்வார்.

சுமைக்காரர்களில் ஒருவனுக்குத் தண்ணீர் தேடும் வேலை. என் வயதுதான் இருக்கும். இருவருக்கும் பொதுவாக இருபது முப்பது பிரெஞ்சுச் சொற்கள் இருந்தன. மற்றதற்கு நான் தமிழில் பேசுவேன், அவன் தன் பாஷையில் பேசுவான். என் சூப்பை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, துப்பிக்கொண்டே ஓடினான். அன்றிலிருந்து சிநேகம்.

ஒரு மாலை, காய்ந்த ஆற்றங்கரையில் கூடாரம் போட்டோம். அவன் மணலில் இறங்கி, ஒரு மேட்டு வளைவுக்குப் பின்னால் கையாலேயே தோண்டினான். பெண்ணையாற்றில் நம்மவர்கள் ஊற்றுத் தோண்டுவதைப் போலவே இருந்தது. தண்ணீர் சுரந்தது. சுரைக்குடுவையால் மொண்டு குடங்களை நிரப்பிய பிறகு, முள்கிளைகளை வெட்டிவந்து ஊற்றை மூடினான்.

எனக்கு உடம்பு எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன். பாகூர் பக்கம் சேரியில் பிறந்தவன் நான். ஊர்க்கிணற்றில் எங்களுக்கு வழியில்லை. கோடையில் ஆற்று மணலில் ஊரார் தோண்டும் ஊற்றின்மேல், நாங்கள் கைவைக்கக் கூடாதென்று கருவேல முள் போடுவார்கள். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் என் அப்பா அந்த முள்ளை விலக்கி ஒரு செம்பு மொண்டார். அதற்கு அவரைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்மேல் முள் என்றால் எனக்கு அதுதான்.

அவன் போனதும் நான் இறங்கிப்போய் முள்ளை இழுத்துத் தூரப் பள்ளத்தில் எறிந்தேன். கிளைகளின் அடிக்கட்டை எல்லாம் கரைப் பக்கமாக, கைக்கு வாகாக இருந்தன. ஒரு முள்கூடக் குத்தவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வில்லியனூர்க்காரர் மேலிருந்து கத்தினார். "டேய், இன்னாடா பண்ற? அவன் போட்டத அவன் எடுப்பான்."

"தண்ணிக்கு முள்ளு போடறவன் மனுசனாண்ணே? இன்னொருத்தன் வந்தா குடிக்க வேணாமா?"

"இது உங்க பெண்ணையாறு இல்லடா."

"முள்ளு எங்க போட்டாலும் முள்ளுதாண்ணே."

"போடா, சூப்பு அடிபிடிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

விடியும்போது அலறல் கேட்டது. தண்ணீர் வாடை பிடித்து ஒரு காட்டெருமை வந்திருக்கிறது. வளைவுக்கு அப்பால் அது குனிந்து குடித்துக்கொண்டிருந்தது தண்ணீர் எடுக்கப் போன அவனுக்குத் தெரியவில்லை. முள் மூடிய ஊற்றில் மிருகத்துக்கு என்ன வேலை என்ற நம்பிக்கையில் குடுவையை ஆட்டிக்கொண்டு நேராகப் போயிருக்கிறான். கொம்பு அடிவயிற்றில் ஏறிவிட்டது.

துரை ஓடிவந்து இரண்டு குண்டில் எருமையைச் சாய்த்தார். அந்தப் பயணத்தில் அவர் சுட்டதிலேயே பெரிய கொம்பு. நூல் பிடித்து அளந்தார். படம் எடுக்கிற பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

வைத்தியர் இருந்த பட்டாள முகாம் ஒரு பகல் நடை. வில்லியனூர்க்காரர் என் வேட்டியைக் கிழித்து அவன் வயிற்றைக் கட்டினார். "இப்பவே தூக்கிட்டுப் போனா பொழைப்பான்டா. போய்க் கேளு. ஒன் கைச் சோறு தின்றவரு, நீ சொன்னா கேப்பாரு."

துரையின் காலில் விழுந்து கேட்டேன். எருமைத் தலையை உரித்து உப்புத் தடவியதும் நாலு ஆள் தருகிறேன், வெயில் ஏறினால் தோல் கெட்டுவிடும் என்றார். நாங்கள் இருவருமே தூக்கிப்போகிறோம் என்றேன். "பகல் சாப்பாட்டை யார் செய்வது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் சொல்லை மீறிய சுமைக்காரனுக்குச் சாட்டையடி என்பதை எல்லோரும் பார்த்திருந்தோம். யாரும் அசையவில்லை. உரித்து முடிக்க உச்சிவேளை ஆயிற்று.

அதுவரைக்கும் அடுப்புக்கும் அவனுக்குமாக ஓடினேன். ஈரத்துணியை அவன் உதட்டில் வைத்தேன். அவன் தன் ஆட்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு எனக்கும் தெரியட்டும் என்று கரையிலிருந்த முள்மரத்தைக் காட்டி, பிரெஞ்சில், "நான் மறந்தேன்" என்றான். மன்னிப்புக் கேட்கிற முகம்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தான். "நான் எடுத்தேன்" என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதும். சுற்றிலும் அவன் ஆட்கள் நின்றார்கள். துணியை மறுபடி நனைத்து அவன் உதட்டில் வைத்தேன். வில்லியனூர்க்காரர் என்னைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார்.

கட்டிலில் கிடத்தித் தூக்கினார்கள். கரையேறுவதற்குள் உயிர் போய்விட்டது. அங்கேயே மேட்டில் புதைத்தார்கள்.

மறுநாள் காலை கூடாரம் பிரித்தோம். எருமைத் தலையைக் கம்பில் கட்டி இரண்டு பேர் முன்னால் நடந்தார்கள். அவன் சுமந்த குடத்தை வேறொருவன் தலையில் ஏற்றினார்கள். கரண்டியை விட்டுவிட்டேன் என்று வில்லியனூர்க்காரரிடம் சொல்லி நான் மட்டும் திரும்பினேன். கரண்டி என் மூட்டையில்தான் இருந்தது.

ஊற்று திறந்து கிடந்தது. சமையல் கத்தியால் முள்கிளைகள் வெட்டினேன். முள் ஆற்றுப் பக்கமும் அடிக்கட்டை கரைப் பக்கமுமாக அடுக்கி மூடினேன். ஒரு கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கை குத்தாமல் வந்தது. அதைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு நடந்தேன்.