பாடில்லாத நாளில் வந்த சாமி

காலை ஏழு மணிக்குப் பொன்னேரியில் பேருந்து ஏறினேன். பழவேற்காட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், இருபது ரூபாய் டிக்கெட். ஏரியில் பூநாரை பார்க்கக் கிளம்பியவன் நான். திருப்பாலைவனம் தாண்டும்வரை தூங்கிவிட்டதால் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டு மணிக்குப் படகுக்காரர் தேசப்பன் வீட்டை அடைந்தால், இன்று படகு கிடையாது என்றார் அவர் மனைவி எல்லம்மா. முந்தாநாள் தேசப்பன் வலையில் ஒரு சாமி சிலை வந்திருக்கிறது. தாலுகா ஆபீஸிலிருந்து வாங்கிப்போக ஆள் வருகிறார். எந்த இடத்தில் கிடைத்தது என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. அதைப் ‘பாடு’ என்கிறார்கள். தேசப்பன் தனக்குப் பாடில்லாத நாளில், அடுத்தவர் இடத்தில் திருட்டுத்தனமாக வலை போட்டிருக்கிறார். தெரிந்தால் இந்த இறால் பருவம் முழுக்க ஏரியில் இறங்க விடமாட்டார்கள்.

“நம்ம எடத்துலயே கெடச்சுதுனு சொல்லுனு சொல்லிக்கினே இருக்கேன். இன்னா சொல்லப் போறாரோ தெரில,” என்றார் எல்லம்மா. அழுதிருந்தார்.

ஒன்பதரைக்கு அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பித்தளைத் தாம்பாளத்தில் நின்றது சிலை. ஒரு சாண் உயரம்கூட இல்லை. வெண்கலத்தின் மேல் தங்க முலாம். சேறு போன இடமெல்லாம் வெயிலில் தகதகத்தது. ஒற்றைக்கால் நுனியில் நின்று, மறுகாலைப் பின்னால் தூக்கி, பறக்கத் தயாராக இருந்தார். குதிகாலில் சிறகு, தொப்பியிலும் சிறகு. உடம்பில் துணியில்லாததால் யாரோ மஞ்சள் துண்டு கட்டி, குங்குமமும் வைத்திருந்தார்கள். புத்தகத்தில் பார்த்த ரோமானியக் கடவுள் மெர்க்குரி. ஒரு காலத்தில் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர் கப்பலில் வந்தாரோ என்னவோ. இத்தனை காலம் சேற்றில் கிடந்தும் அந்தக் கால்விரல் நுனியில் அசராமல் நிற்கிறார். கோயிலுக்குள்ளேயே கும்பிடாமல் நிற்கிற ஆள் நான். அன்று கும்பிட்டேன்.

ஆபீஸ்காரர் பேனாவைத் திறந்து இடம் கேட்டார். தேசப்பன் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கி எனக்குப் பாடு இல்ல. முனுசாமி அண்ணன் எடத்துல போட்டேன். சாமிய எதிர்ல வெச்சிக்கினு பொய் சொல்ல வாய் வரல.”

எல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பருவம் முழுக்கப் பாடு கிடையாது என்று ஊர்த்தலைவர் சொன்னார்.

பதினொன்றரைக்கு என்னைப் பேருந்து ஏற்றிவிட தேசப்பனே வந்தார்.

“அது இன்னா சாமி சார்?”

வழிப்போக்கர்களையும் வியாபாரிகளையும் காக்கிறவர் என்றேன். நல்ல சாமிதான் என்று தலையாட்டினார்.

எங்கள் ஊரில் தங்கக் கவசம் போட்ட சாமி எதிரில் நான் சொன்ன பொய்கள் கொஞ்சமல்ல. பேருந்து கிளம்பியது. திருடர்களுக்கும் மெர்க்குரிதான் சாமி என்பதை மட்டும் அந்த மனிதரிடம் நான் சொல்லவில்லை.