லேபிள் கழன்ற மால்பெக்

டப்பென்று ஒரு சத்தம். கிடங்கின் இருட்டில் அதைக் கேட்டதுமே, சூட்டில் ஏதோ ஒரு பாட்டில் தக்கையைத் துப்பிவிட்டது என்று அறிந்துகொள்வதுதான் சீமைச் சரக்குக் கடையில் ராக்காவல் பார்ப்பவனின் பிழைப்பு. தூக்கத்தை விற்றுச் சம்பளம் வாங்கும் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கடை பாளையங்கோட்டையில். ஜெர்மன் சண்டைக்கு முந்திய கோடை அது. ஓரிடத்தில் கால் தரிக்காமல் மூன்று வேலைகளை விட்டுவிட்டு, நாலாவதாக அங்கே ஒட்டியிருந்தேன்.

பொதிகைக்கும் மேலே

மலைத் தோட்டத்துத் துரையின் தம்பி தென்னமெரிக்காவில் ரயில் பாதை போடுகிறவர். அவர் அண்ணனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பன்னிரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் தூத்துக்குடியில் இறங்கி, மலைவண்டி வரும்வரை எங்கள் கிடங்கில் கிடந்தது. பெட்டி எழுத்துகளைப் பார்த்தே இங்கிலீஷ் கற்றவன் நான். 'மால்பெக்' என்று எழுத்துக்கூட்டினேன். அது திராட்சையின் பேர் என்றார் பெட்டியோடு கூடவந்த பட்லர், துரையின் ஆள். நம் பொதிகை உச்சியைவிட உயரத்தில்கூட அங்கே கொடி வைக்கிறார்களாம். மழை அபூர்வம். பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி முறைவைத்துப் பாய்ச்சுகிறார்களாம். பகல் வெயிலும் ராக்குளிரும் மாறி மாறி அடிப்பதில் பழத்தோல் தடித்துக் கறுத்துவிடுமாம்.

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருந்த முதலாளிக்கு வாய்க்காலைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. "அங்கனயும் முறைத் தண்ணிக்கு வெட்டுக்குத்து உண்டுமா வே?" என்றார்.

ருசி பார்க்காத கடை

முதலாளி தீட்சை வாங்கிய சைவர். பாட்டிலைக் கையால் தொடமாட்டார்; பிரம்பால் தட்டித்தான் எண்ணுவார். சரக்குப் பிரிக்கும் இசக்கியோ நானோ ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலும் சீட்டுக் கிழிந்துவிடும். ஒருநாள் கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர் வந்து, இதில் எது நல்ல சரக்கு என்று கேட்டார். முதலாளி அசையாமல் சொன்னார்: "குடிச்சவங்க திரும்பவும் வருதாங்க அண்ணாச்சி. நமக்கு அது போதும்."

ஈரச் சாக்கு

சூட்டுக்கு எங்கள் வைத்தியம் ஈரச் சாக்கு. பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படுக்கவைத்து, மேலே சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளிப்போம். அன்று அனல் தாங்கவில்லை. பனிமலையில் பிறந்த சரக்கு இந்த வேக்காட்டில் என்ன பாடுபடுமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. துரையின் பன்னிரண்டையும், புன்னக்காயல் மாதா கோயிலுக்குப் போகவேண்டிய பன்னிரண்டு பாட்டில் பூசைத் திராட்சை ரசத்தையும் குளிர்ந்த சுவரோரம் மாற்றி, குடம் குடமாக ஊற்றினேன்.

விடிந்து பார்த்தால் லேபிள்கள் எல்லாம் கழன்று தரைத் தண்ணீரில் மிதந்தன. இரண்டு வரிசை, ஒரே மாதிரிக் கறுப்புப் பாட்டில்கள். எதை எந்தப் பக்கம் வைத்தேன் என்று நினைவில்லை. துரையின் வண்டியும் கோயில் உபதேசியாரும் அன்று காலையே வருகிறார்கள். மாற்றிக் கொடுத்தால் வேலை போகும். நாலாவதும் போனால் வீட்டுக்காரி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? இசக்கி வாசலில் நின்றபடியே பார்த்தான். "பச்சைப் பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி குளிப்பாட்டிருக்கீரே வே. இனி எது யாரு பிள்ளைன்னு எப்படிச் சொல்லுவீரு?"

உபதேசியார் நாக்கு

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் இரண்டு வரிசையையும் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒரு பாட்டிலைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் அது துரையுடையதாக இருந்தால் பன்னிரண்டில் ஒன்று குறையும். மலைப்பாதையில் வண்டி குலுங்கி ஒன்று உடைந்ததாகத் தானே சொல்லிக்கொள்வதாக, வண்டியோடு வந்த பட்லர் முன்வந்தார். திறந்த பாட்டில் வீணாகாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அதனாலேயே ருசி பார்க்கும் பொறுப்பை முதலாளி அவரிடம் விடவில்லை. பூசைக்கு ரசம் எடுத்துவைத்தே தலை நரைத்த உபதேசியாரைக் கூப்பிட்டார்.

இடது வரிசையில் ஒன்றைத் திறந்து பீங்கான் தட்டில் ஊற்றினோம். நாவல்பழச் சாறுபோலக் கறுத்து, ஓரத்தில் ஊதா கட்டியது. உபதேசியார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அவர் பைய வாய் திறந்தார். "இது எங்க ரசம் இல்ல அண்ணாச்சி. இதைப் பூசைக்கு வச்சா எங்க சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிப்பிட்டுக் கிண்ணத்துக்கு வந்திருவாரு."

முதலாளி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. உலகத்துச் சரக்கையெல்லாம் காத்தும் எனக்கு வாய்த்தது சாக்கு நாற்றம் ஒன்றுதான் என்று எண்ணியபடி, அன்று சாயங்காலம் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன்.