சித்தி சொன்ன விண்வெளிக் கதை

சென்னையில் போன வாரம், புதுப்பித்து வெளியிட்ட பழைய ஆங்கிலப் படமொன்றைப் பார்த்தேன். மனிதர்கள் பூமியை விட்டு வேறு கோளுக்குக் குடிபோகும் கதை. விண்கலம் உறுமிக் கிளம்பியதும், எட்டு வயதில் கோவில்பட்டியில் இதே படத்தை மேட்டினியில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அன்று தீப்பெட்டி ஆபீசுக்கு விடுமுறை. அங்கே லேபிள் ஒட்டும் சித்திதான் என்னைக் கூட்டிப்போனாள். அவள் விரல்களில் பசை வாடை. திரையெல்லாம் கீறல்.

"இவிய ஏன் சித்தி ஊரை விட்டுப் போறாவ?"

"இங்கன மழை இல்லட்டி. அங்கன கம்மாய் நிறையத் தண்ணி கெடக்காம்."

"அந்தம்மா ஏன் அழுவுதாவ?"

"அவிய ஆட்டுக்குட்டிய ஏத்த மாட்டேன்னுட்டாவ."

படம் முடியும்வரை ஆட்டுக்குட்டியைத் தேடினேன்.

சென்னையில் இந்த முறை வசனம் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. பூமியைப் போர் அழித்திருந்தது. வெளியே வந்ததும் சித்திக்குப் போன் செய்தேன்.

"சித்தி, அதுல ஆட்டுக்குட்டியே இல்ல."

சிரித்தாள். "எனக்கு மட்டும் இங்கிலீசு தெரியுமாட்டி? நீ விடாமக் கேட்ட, சொன்னேன். ஆமா, அந்தம்மா எதுக்குத்தான் அழுதா?"

"மகன் பூமியிலயே இருந்துக்கிடுதேன்னுட்டான்."



"அவன் என்ன ஆனான்?"

திரையரங்குப் படியில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சித்தி ஒவ்வொரு காட்சிக்கும் கேள்வி கேட்டாள்.