பதினேழாவது செய்முறை

கல்லூரியில் அவருக்கு வைத்திருந்த பெயர் இலவச மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. முதலாண்டு உயிரியலுக்கான பாடப்புத்தகத்தை ஆறு வருடம் மெனக்கெட்டு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டவரை வேறு எப்படி அழைப்பார்கள்? கடையில் விற்கிற புத்தகத்தை வாங்க முடியாமல் ஒரு வகுப்பே ஒற்றைப் பிரதியைச் சுற்றி உட்கார்ந்து படித்ததை ஒருமுறை பார்த்துவிட்டார். அந்தக் கோபத்தில் எழுதிய புத்தகம் அது. ஆறு வருடமும் வீட்டில் சமையல் அவருடைய கணவர் தலையில் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர். முன்னுரையில் எனக்கு ஒரு வரி நன்றி போட்டாயே, பிழைத்தேன் என்று கேலி செய்வார்.

மேடத்துக்கு இரண்டு விஷயங்களில் தனிப் பெருமை. ஒன்று, புத்தகம் ஒல்லியாக இருப்பது. கடைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கட்டங்கள், எச்சரிக்கைகள், குறிப்புகள். அவ்வளவும் பக்கத்தை அடைக்கிற அலங்காரம் என்று சொல்லித் தன் புத்தகத்தில் வெட்டித் தள்ளினார். ஒவ்வொரு செய்முறையும் ஒரே பக்கத்தில் அடங்கியது. ஆய்வகச் சுவரில் அப்படியே ஒட்டிவிடலாம். இன்னொன்று, எடுப்பவரிடம் பெயர், ஊர், கல்லூரி எதையும் கேட்கக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதம். கொடுக்கிற இடத்தில் என்ன விசாரணை என்பது அவர் கட்சி. எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இணையப் பக்கத்தின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் காபியோடு அதைப் பார்த்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். இந்த இரண்டு பெருமையும் சேர்ந்து அவர் கழுத்தைப் பிடிக்க நான்கு வருடம் ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். அன்று பதினேழாவது செய்முறை. இலையைச் சூடான ஆல்கஹாலில் போட்டுப் பச்சை நிறத்தை எடுத்துவிட்டு, அயோடின் விட்டு, மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளும் செய்கிற சோதனைதான். ஆய்வக மூலையில் இருந்த வாட்டர் பாத் அன்று பார்த்து மண்டையைப் போட்டுவிட்டது. மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கும் பெட்டி அது. சோதனைக் குழாயை அந்த வெந்நீரில் நிறுத்துவார்கள். அட்டெண்டர் அலமாரியைக் குடைந்து, பழைய ஸ்பிரிட் விளக்கு ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுல காட்டிடலாமா மேடம்?"

"விளையாடறீங்களா? ஆல்கஹால நெருப்புல நேரா காட்டுனா குப்புனு பிடிச்சுக்கும். மூஞ்சி வெந்துடும்."

அட்டெண்டர் அலட்டிக்கொள்ளவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தைக் கண்ணால் காட்டினார். "புக்குல அப்படி ஒண்ணும் போடலையே மேடம். சூடாக்கவும்னு மட்டும்தான் இருக்கு."

மேடம் சுவரருகே போய்ப் படித்தார். நான்காவது படி: இலையை ஆல்கஹாலில் இட்டு, நிறம் நீங்கும் வரை சூடாக்கவும். அவ்வளவுதான். வெந்நீர் இல்லை, பெட்டி இல்லை, பக்கத்தில் நெருப்பு கூடாது என்ற பேச்சே இல்லை. அந்த ஆய்வகத்தில் பதினோரு வருடமாக யாரும் தீக்குச்சி கிழித்தது கிடையாது. சூடாக்குவது என்றால் மூலையில் இருக்கும் பெட்டிதான். எழுதும்போது அந்தப் பெட்டி அவர் கண்முன் நின்றது. அதனால் அதை எழுதத் தோன்றவில்லை. ஆனால் புத்தகத்தை யாருக்காக எழுதினார்? அந்தப் பெட்டி வாங்க வழியில்லாத கல்லூரிகளுக்காக.

வகுப்பை அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் இணையத்தில் இருந்த பக்கத்தைத் திருத்திவிட்டார். புத்தகத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் எச்சரிக்கையும் போட்டார். பிறகு பக்கத்தின் அடியைப் பார்த்தார். பதினாலாயிரத்து முந்நூற்று எண்பது. இத்தனை நாள் உச்சி குளிர வைத்த அதே எண்ணைப் பார்த்து இப்போது உடம்பு சில்லிட்டது. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், ஒருவர் எடுத்ததை எத்தனை பேருக்கு நகலெடுத்துக் கொடுத்தார்கள், எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்று ஏற்பாடு செய்தவரே அவர்தான்.

அதுதான் திருத்தியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கணவர் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறத மாத்திட்டேங்க. சுவத்துல ஒட்டினத எப்படி மாத்துவேன்?"

அவரிடம் இருந்த ஒரே தடயம் நன்றிக் கடிதங்கள். முப்பத்தேழு கல்லூரிகள் எழுதியிருந்தன. ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள், எங்களுக்குத் தெரியாதா மேடம், வெந்நீரில்தான் வைக்கிறோம் என்றார்கள். ஒரு கல்லூரியில் ஆய்வகமே இல்லையாம், படத்தைக் காட்டி முடித்துவிடுகிறார்களாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று மேடத்துக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எட்டு நாளில் முப்பது கல்லூரிகள் முடிந்தன. எங்கும் ஒன்றும் ஆகவில்லை. கணவர்கூட, நீ வீணாக உன்னை வதைத்துக்கொள்கிறாய் என்றார்.

முப்பத்தொன்றாவது, தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே உயிரியல் நடத்த இருப்பது ஒரே ஆசிரியர். பேசுவது யார் என்று தெரிந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்கள் புத்தகம் இல்லையென்றால் இங்கே உயிரியல் வகுப்பே இல்லை என்றார். பக்கத்து அறையில் இருந்தவர்களை வேறு கூப்பிட்டார். மேடம் அவரை நிறுத்தி, பதினேழாவது செய்முறையில் இருக்கும் தவறைச் சொன்னார்.

"அது நடந்துடுச்சு மேடம்," என்றார் ஆசிரியர். "ரெண்டு வருஷம் ஆச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டாவது மேசையில் ஒரு பெண். ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாயைப் பிடித்தாள். நெருப்பு குழாய் வழியாக மேலே பாய்ந்து வலது கை, கழுத்து, காது வரை வெந்துவிட்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். கல்லூரி முதல்வர் மூன்று பேரை வைத்து விசாரித்தார். அவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார்கள். புத்தகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதில் சொன்னபடி மாணவி செய்யவில்லை என்று முடிவு எழுதினார்கள். அவளை இடது கையால் எழுத வைத்து மன்னிப்புக் கடிதமும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் படிக்க வரவில்லை.

"நான் விலங்கியல் படிச்சவன் மேடம். செடி கொடி எல்லாம் உங்க புத்தகத்த நம்பித்தான் நடத்துறேன். அதுல தப்பு இருக்கும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல."

நன்றிக் கடிதத்தின் தேதியை மேடம் பார்த்தார். அந்த விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து எழுதியது. கேட்கப் பயந்துகொண்டேதான் கேட்டார், இன்னும் அந்தச் செய்முறையைச் செய்கிறீர்களா என்று. வருடா வருடம் செய்வதாக ஆசிரியர் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமையும் இருக்கிறதாம். மேடம் தொலைபேசியை வைக்க விடவில்லை. சுவரில் இருப்பதையும் புத்தகங்களில் இருப்பதையும் இப்போதே கிழியுங்கள், எனக்குக் கேட்க வேண்டும் என்றார். முப்பது பிரதிகள். ஒவ்வொரு தாளும் கிழிகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டு வாங்கினார்.

வழக்கு கிழக்கு என்று போனால் என்ன செய்வாய், யாரையாவது கலந்தாலோசித்துவிட்டுப் பேசு என்று கணவர் தடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை போகலாம், பெயர் நாறலாம். மேடம் அவரைப் பார்த்துக்கொண்டே எண்களை அழுத்தினார். திட்டட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் கூப்பிட்டார்.

அந்தப் பெண்ணேதான் எடுத்தாள். உயிரியல் புத்தகம் எழுதியவர் பேசுகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், மேடம் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். நான்தான் சரியா படிக்காம செஞ்சுட்டேன்."

மேடம் அவளைத் தடுத்து, நான்காவது படியில் என்ன இருந்திருக்க வேண்டும், தான் எதை எழுதாமல் விட்டோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அப்ப நான் செஞ்சது சரிதானா மேடம்?"

"நான் எழுதுனது எப்படியோ அப்படியேதான்மா செஞ்சிருக்க. தப்பு முழுக்க என்னோடது."

மேடம் வசவுக்குக் காத்திருந்தார். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மா, எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வா." பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ நடந்து வந்து மிக அருகில் நின்று மூச்சு விட்டார்கள்.

"எங்கம்மா பக்கத்துல இருக்காங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். "மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க."

மேடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.