வாடகை வீட்டில் ஓர் அசைவச் செடி

இன்று காலை மோட்டார் போட மாடிக்கு வந்த வீட்டு ஓனர் மாமா, என் ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்துவிட்டார்.

ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். இலை முழுக்கச் சிவப்பு முடி, முடி நுனியில் பனித்துளி மாதிரி பசை. அதில் ஒரு கொசு ஒட்டி, ஒரு கால் பிய்ந்து துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றது இது?"

"கொசுவைச் சாப்பிடுது மாமா."

"ஸ்ரீரங்கத்துல வீடு குடுக்கறச்சே என்ன சொன்னேன்? அசைவம் கூடாதுன்னேனோல்லியோ?"

போச்சு, தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். விதை போட்டு வளர்த்த செடி.

அவரோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பத்து நிமிடம் நகரவில்லை. முடிகள் ஒவ்வொன்றாக மடங்கிக் கொசுவை நெரித்தன.

"விடாதே! இறக்கையை அமுக்கு! ராத்திரி பூரா என் ரத்தத்தைக் குடிச்சவன்டா அவன்!"

அது அடங்கியதும், தானே இன்னொரு கொசுவைப் பிடித்து, இறக்கையைப் பிய்த்து, உயிரோடு பக்கத்து இலையில் வைத்தார்.

படியிறங்கும்போது சொன்னார்: "செடி இருக்கட்டும். ஏகாதசியன்னிக்கு மட்டும் அது எதையும் சாப்பிடப்படாது."

நாளைக்கு ஏகாதசி. கொசுக்களிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.